கிளினிக்கை மூடிய கட்டட விதிகள்

2011 பிப்ரவரியில் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா போய்க்கொண்டிருந்தது. மருத்துவமனைகளில் நோய்த்தொற்றுத் தடுப்பு, பேரிடர் நேரத் தயார்நிலை, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றுக்கு விதி வகுக்கச் சொன்ன மசோதா அது. அதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. கீழவைக்கு வந்தபோது அதோடு ஒரு திருத்தத்தை ஒட்டவைத்தார்கள். மாதம் 5 அல்லது அதற்கு மேல் முதல் மூன்று மாதக் கருக்கலைப்புகள் செய்யும் எந்த இடமும் இனி மருத்துவமனை என்ற வகைக்குள் வரும் என்றது அந்தத் திருத்தம். அதுவரை இந்த இடங்கள் சாதாரண டாக்டர் கிளினிக் கணக்கில்தான் இருந்தன.

மேலவையில் இதே மாதிரி மசோதாக்கள் முன்பும் வந்திருக்கின்றன. ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த ஒரு குழு அவற்றை அவைக்கு வரவிடாமல் நிறுத்திவிடும். இந்த முறை திருத்தமாக வந்ததால் அந்தக் குழுவின் வாசலை மிதிக்காமலே அவைக்கு வந்துவிட்டது. 20-க்கு 20 என்று ஓட்டு சமமாக நின்றது. துணை கவர்னர் பில் போலிங் தன் ஓட்டைப் போட்டு நிறைவேற்றினார். கவர்னர் பாப் மெக்டானல் கையெழுத்திட்டார். (அமெரிக்காவில் கவர்னர் மக்கள் ஓட்டில் வருபவர். நம் முதலமைச்சருக்கு உள்ளது போன்ற அதிகாரம் அவருக்கு உண்டு.)

அடுத்து விதிகளை எழுதும் வேலை 15 பேர் கொண்ட மாநிலச் சுகாதார வாரியத்திடம் போனது. புதிதாகக் கட்டப்படும் மருத்துவமனைகளுக்கான கட்டட வடிவமைப்புக் கையேட்டை எடுத்து, ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்த சுமார் 20 கிளினிக்குகளின் தலையில் வைத்தார்கள். நடைவழி எத்தனை அடி அகலம், வாசலில் கூரை உண்டா, காற்றோட்டக் கருவி எந்தத் தரம் என்றெல்லாம் அதில் கணக்கு இருந்தது. இப்படிப்பட்ட கையேடுகள் இனிமேல் கட்டப்போகும் கட்டடத்துக்குத்தான் வழக்கமாகப் பொருந்தும். பழைய கட்டடத்தை இடித்து அகலப்படுத்து என்று யாரையும் கேட்பதில்லை. வாரிய உறுப்பினர்களுக்கும் இது உறுத்தியது. 2012 ஜூனில் பழைய கிளினிக்குகளுக்கு விலக்கு தரலாம் என்று 7-க்கு 4 என முடிவெடுத்தார்கள்.

மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் குச்சினெல்லி அந்த முடிவுக்குச் சான்றளிக்க மறுத்தார். யாராவது வழக்குப் போட்டால் அரசு வழக்கறிஞர்கள் உங்களுக்காக வாதாட வரமாட்டார்கள், செலவு உங்கள் கையிலிருந்து போகலாம் என்ற எச்சரிக்கையும் வாரிய உறுப்பினர்களுக்குப் போனது. செப்டம்பரில் வாரியம் மறுபடி கூடி 13-க்கு 2 என்று தன் முடிவையே திருப்பிக்கொண்டது. அடுத்த மாதம் மாநிலச் சுகாதார ஆணையர் டாக்டர் கேரன் ரெம்லி பதவியைவிட்டு விலகினார். 2013 ஏப்ரலில் விதிகள் இறுதியாயின. அதே மாதம் நார்ஃபோக் நகரில் 40 ஆண்டுகளாக நடந்துவந்த ஹில்க்ரெஸ்ட் கிளினிக் மூடப்பட்டது. கட்டடத்தைப் புது விதிக்கு ஏற்ப மாற்றச் சுமார் 5 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1983-ல் எதிர்ப்பாளர் ஒருவர் தீ வைத்தும் எழுந்து நின்ற இடம் அது. அந்தத் தீயால் முடியாததை நடைவழி அளவு செய்து முடித்தது.

அமெரிக்கக் கருக்கலைப்பு அரசியல் என்றால் நமக்கு உச்ச நீதிமன்ற வாசலில் பதாகை பிடித்து நிற்கும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். 1973-ல் ரோ வழக்கு, 2022-ல் டாப்ஸ் வழக்கு. உரிமை வந்தது, உரிமை போனது. இரண்டுக்கும் நடுவில் 49 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் சண்டையின் பெரும்பகுதி உரிமம், பரிசோதனை, கதவு அகலம், டாக்டர் மருத்துவமனையோடு வைத்திருக்க வேண்டிய ஒப்பந்தம் என்று அலுவலகக் காகிதங்களில்தான் நடந்தது. தடை என்ற சொல்லை உச்சரிக்காமலே கிளினிக்குகளை மூட முடியும் என்று மாநிலங்கள் கண்டுகொண்ட கதை அது.

ஏன் இந்தச் சுற்றுவழி? ரோ தீர்ப்பு நிற்கும் வரை, கரு வெளியே பிழைத்திருக்கும் கட்டத்துக்கு முன் கருக்கலைப்பை மாநிலம் நேராகத் தடைசெய்ய முடியாது. ஆனால் பெண்ணின் உடல்நலத்தைக் காக்க விதி போடலாம். அந்த இடைவெளியை முதலில் நெருக்கமாகவே வைத்திருந்தார்கள். ரோ தீர்ப்பு வந்த அன்றே வந்த டோ எதிர் போல்ட்டன் தீர்ப்பு, கருக்கலைப்பை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும் என்ற ஜார்ஜியா மாநில விதியை நீக்கியது. 1983-ல் ஓஹாயோவின் ஆக்ரன் நகர வழக்கிலும் மருத்துவமனைக் கட்டாயம் விழுந்தது. 1992-ல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த கேசி வழக்குதான் அளவுகோலை மாற்றியது. பெண்ணின் வழியில் 'தகாத சுமை' வைக்காத வரை விதி செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. தேவையில்லாத உடல்நல விதிகள் பெரும் தடையாக அமைந்தால் அவை செல்லாது என்றும் அதே தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். ஆனால் எவ்வளவு கனம் ஏறினால் சுமை தகாததாகும் என்பதற்கு அளவு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தது.

கட்டுப்பாடு கேட்டவர்கள் எல்லாருமே வேஷம் போட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர்கள் கையில் ஒரு உண்மைச் சம்பவம் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது சரியில்லை.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்ஃபியா நகரில் கெர்மிட் கோஸ்னெல் என்ற டாக்டர் 'விமன்ஸ் மெடிக்கல் சொசைட்டி' என்ற பெயரில் ஒரு கிளினிக் நடத்திவந்தார். பெரும்பாலும் ஏழைப் பெண்கள், கறுப்பினப் பெண்கள், புலம்பெயர்ந்து வந்த பெண்கள் அங்கே போனார்கள். 2009 நவம்பரில் பூட்டானிலிருந்து அகதியாக வந்திருந்த கர்ணமாயா மோங்கர், பயிற்சியில்லாத ஊழியர்கள் ஏற்றிய மயக்க மருந்தின் அளவு மிஞ்சி இறந்துபோனார். அவசரச் சேவைக்காரர்கள் அவரை வெளியே கொண்டுவரத் திணறினார்கள். வளைந்து நெளிந்த குறுகலான நடைவழி, அதில் அடைசல், அவசர வழிக் கதவில் பூட்டு. பூட்டை வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் போலீஸும் மத்திய அதிகாரிகளும் அங்கே சோதனைக்குப் போனார்கள். அதுவும் மருத்துவக் குறைபாட்டுக்காகப் போகவில்லை, வலிமாத்திரைச் சீட்டுகளைச் சட்டவிரோதமாக எழுதி விற்கிறார் என்ற துப்பில்தான் போனார்கள். உள்ளே கண்டது வேறு. உயிரோடு பிறந்த குழந்தைகளைக் கொன்றதாக 3 கொலைக் குற்றங்களிலும், மோங்கரின் மரணத்துக்குக் காரணமான குற்றத்திலும் 2013 மே மாதம் கோஸ்னெல் தண்டிக்கப்பட்டார்.

2011 ஜனவரியில் வெளியான பெருநடுவர் குழு (வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று விசாரிக்கும் பொதுமக்கள் குழு) அறிக்கையைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அந்தக் கிளினிக்கை மாநிலச் சுகாதாரத் துறை 1993-க்குப் பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. புகார்கள் வந்தும் பார்க்கவில்லை. கவர்னர் கேசி (1992 வழக்கின் பெயரில் இருப்பவர் இவர்தான்) போய் டாம் ரிட்ஜ் வந்தபோது, பரிசோதனை என்று போனால் பெண்களுக்கு இடையூறாகிவிடும் என்று அதிகாரிகள் முடிவுசெய்து வழக்கமான பரிசோதனைகளையே நிறுத்திவிட்டார்கள். உரிமையின் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்கள் இந்த ஒரு வரியை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த மாநிலத்தில் நகப்பூச்சுக் கடைகள்கூட இதைவிடக் கண்காணிப்பில் இருந்தன என்று அறிக்கை சொன்னது.

இந்தக் கிளினிக்குகளைப் பகல்நேர அறுவை மையங்களின் (அறுவை முடிந்து அன்றே வீடு திரும்பும் இடங்கள்) தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பரிந்துரையும் அதே அறிக்கையில் இருந்தது. 2011 டிசம்பரில் பென்சில்வேனியா அப்படியே சட்டம் போட்டது. கர்ணமாயாவைத் தூக்கிவந்த நடைவழியை நினைத்தால் அகல விதிக்கு ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் பூட்டிய அவசரக் கதவும், பயிற்சியில்லாதவர் போட்ட ஊசியும் அப்போதிருந்த சட்டத்தின்படியே குற்றம். இருந்த விதியைப் பார்த்துக் கேட்க 17 வருடம் யாரும் போகாததுதான் நடந்தது. அதற்கு மருந்து ஆண்டுக்கொருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் பரிசோதகர், புகார் வந்தால் ஒரு வாரத்துக்குள் கதவைத் தட்டும் துறை. மாநிலங்கள் பலவும் கோஸ்னெல் பெயரைச் சொல்லி எழுதிய சட்டங்களில் கனமாக இருந்தது கட்டடமும் மருத்துவமனை ஒப்பந்தமும்தான்.

டெக்சாஸ் மாநிலத்தின் எச்.பி. 2 சட்டம் அவற்றில் பெயர்பெற்றது.

2013 ஜூன் 25. சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தொடர் நள்ளிரவோடு முடிகிறது. அதற்குள் ஓட்டெடுப்பு நடக்கவில்லை என்றால் மசோதா செத்துவிடும். ஃபோர்ட் வொர்த் தொகுதியின் மேலவை உறுப்பினர் வெண்டி டேவிஸ் பேச எழுந்தார். டெக்சாஸ் மேலவையில் இப்படித் தொடர்ந்து பேசி நேரத்தைக் கடத்த விதிமுறை உண்டு, ஆனால் கடுமையானது. உட்காரக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, கழிவறைக்குப் போகக் கூடாது, பேச்சு மசோதாவைவிட்டு விலகக் கூடாது. மூன்று முறை தவறினால் பேச்சை நிறுத்திவிடலாம். டேவிஸ் இளஞ்சிவப்பு ஓட்டக் காலணியோடு நின்றார். முதுகுவலிக்குப் பட்டை கட்டிக்கொள்ளச் சக உறுப்பினர் ஒருவர் உதவியதையே ஒரு தவறாக எண்ணினார்கள். 2011-ல் வந்த ஸ்கேன் கட்டாயச் சட்டத்தைப் பற்றிப் பேசியது பொருளைவிட்டு விலகியது என்று மூன்றாவது தவறையும் போட்டார்கள். அவர் சுமார் 11 மணி நேரம் பேசியிருந்தார். அப்புறம் பார்வையாளர் மாடத்திலிருந்த கூட்டம் கத்த ஆரம்பித்தது. நள்ளிரவு தாண்டும் வரை அவையில் யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. மசோதா அன்றைக்குத் தோற்றது.

கவர்னர் ரிக் பெர்ரி உடனே இன்னொரு சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். ஜூலையில் நிறைவேற்றி, 18-ம் தேதி கையெழுத்தும் போட்டுவிட்டார். இணையமெங்கும் பரவிய அந்த இரவு மூன்று வாரங்களைத்தான் வாங்கித் தந்தது.

சட்டத்தில் பல பகுதிகள் இருந்தன. கிளினிக்குகளை நேரடியாகத் தொட்டவை இரண்டு. முதலாவது, கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு 30 மைலுக்குள், அதாவது சுமார் 48 கி.மீ.க்குள், ஒரு மருத்துவமனையில் தன் நோயாளியைத் தானே அட்மிட் செய்து சிகிச்சை தரும் உரிமை இருக்க வேண்டும். கேட்டால் நல்ல யோசனையாகத்தான் படும். ஏதாவது சிக்கல் வந்தால் அதே டாக்டர் மருத்துவமனையிலும் கூட இருப்பார் அல்லவா?

நடைமுறை அப்படி இல்லை. ரத்தப்போக்கு அதிகமாகி ஒரு பெண் அவசரப் பிரிவுக்கு வந்தால், கிளினிக் டாக்டருக்கு அங்கே உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். அங்கே பார்ப்பவர் பணியில் இருக்கும் டாக்டர். மாத்திரைமூலம் நடக்கும் கருக்கலைப்பில் சிக்கல் என்று ஒன்று வந்தால் அது வீட்டில், சில நாள் கழித்துத்தான் வரும். அந்தப் பெண் தன் ஊர் மருத்துவமனைக்குத்தான் ஓடுவார். இன்னொரு பக்கம், இந்த உரிமையை மருத்துவமனைகள் சும்மா தருவதில்லை. வருடத்துக்கு இத்தனை நோயாளியைச் சேர்க்க வேண்டும் என்று குறைந்தபட்சக் கணக்கு வைத்திருப்பார்கள். கருக்கலைப்பில் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு யாருக்கும் அநேகமாக எதுவும் ஆவதில்லை என்பதால் இந்த டாக்டர்களால் அந்தக் கணக்கை எட்டவே முடியாது. சிகிச்சை பாதுகாப்பாக இருப்பதே தகுதியைக் கெடுக்கிறது. எல் பாசோ கிளினிக்கில் வேலை செய்த ஒரு மகப்பேறு மருத்துவர் 38 ஆண்டு அனுபவம் உள்ளவர், 15,000-க்கு மேல் பிரசவம் பார்த்தவர். அவருக்கே அந்த ஊரில் உரிமை கிடைக்கவில்லை. வேறு சிலருக்கு வந்த மறுப்புக் கடிதத்தில், இது உங்கள் மருத்துவத் திறமையை வைத்து எடுத்த முடிவல்ல என்றே எழுதியிருந்தது.

மிசிசிப்பியில் இதே விதியை 2012-ல் போட்டபோது மாநிலத்தில் இருந்ததே ஒரே ஒரு கிளினிக். ஜாக்சன் நகரத்தில் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கட்டடம். அதன் டாக்டர்கள் வெளிமாநிலத்திலிருந்து விமானத்தில் வந்து போனார்கள். சுற்றியிருந்த 7 மருத்துவமனைகளிலும் விண்ணப்பித்தார்கள்; ஒன்றுகூடத் தரவில்லை. நீதிமன்றம் தலையிட்டதால்தான் அந்தக் கிளினிக் நீடித்தது. அந்தக் கிளினிக்கின் பெயரில் பின்னால் வந்த வழக்குதான் டாப்ஸ்.

டெக்சாஸ் சட்டத்தின் இரண்டாவது பகுதி, எல்லாக் கிளினிக்குகளும் பகல்நேர அறுவை மையத்தின் தரத்துக்கு மாற வேண்டும் என்றது. நடைவழி, செவிலியர் எண்ணிக்கை, கிருமி நீக்கிய காற்று சுற்றும் அறுவை அறை, தீயணைப்பு ஏற்பாடு என்று பக்கம் பக்கமாகப் போகும். ஒரு கிளினிக்குக்கு 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் டாலர் வரை செலவு. முதல் மூன்று மாதத்தில் நடப்பது உறிஞ்சு முறை. சில நிமிட வேலை, உடலில் எங்கும் கத்தி வைப்பதில்லை. மாத்திரை மட்டும் தரும் இடத்துக்கும் இதே அறுவை அறை வேண்டும் என்றது சட்டம். முதல் மாத்திரையை டாக்டர் முன்னால் விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அறுவை அறையின் காற்று என்ன செய்யும்?

விளைவு வரைபடத்தில் தெரிந்தது. சட்டத்துக்கு முன் 40-க்கு மேல் கிளினிக்குகள். முதல் பகுதி நடைமுறைக்கு வந்ததும் ஏறக்குறைய பாதியாகின. இரண்டாவது பகுதியும் வந்திருந்தால் 7 அல்லது 8 மட்டும் மிஞ்சியிருக்கும்; எல்லாமே ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ, டாலஸ்–ஃபோர்ட் வொர்த் ஆகிய பெருநகரங்களில். வருடம் 60,000 முதல் 72,000 பெண்கள் வரை வரும் மாநிலம் அது. கிளினிக்குக்கு 150 மைலுக்கு, அதாவது 240 கி.மீ.க்கு, அப்பால் வாழும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களின் எண்ணிக்கை சுமார் 86,000-லிருந்து 4 லட்சமாக ஏறியது.

தூரம் என்று எழுதிவிட்டால் அது எண்ணாக மட்டும் நின்றுவிடுகிறது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் மெக்காலன் என்று ஒரு ஊர். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் நிறைந்த ஏழைப் பகுதி. 2014 மார்ச்சில் அங்கிருந்த கிளினிக் மூடியது. சான் அன்டோனியோவுக்குப் போக வேண்டும் என்றால் சுமார் 380 கி.மீ. காரும் பெட்ரோலும் லீவும் இருந்தாலும் வழியில் ஃபால்ஃபூரியாஸ் என்ற இடத்தில் எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடி உண்டு. குடியுரிமைத் தாள் இல்லாத ஒரு பெண் அதைத் தாண்ட முயன்றால் பிடிபட்டு நாடுகடத்தப்படலாம். அவருக்கு வடக்கே போகும் சாலையே கிடையாது. ஸ்கேன் எடுத்த 24 மணி நேரம் கழித்துத்தான் சிகிச்சை என்ற விதி வேறு. தொலைவிலிருந்து வருபவருக்கு அந்த இடைவெளியைக் குறைத்திருந்தாலும் பயணம் பயணம்தான். ஸ்பானிஷ் மட்டுமே பேசும், மணிக்கூலிக்கு வேலை செய்யும், இரண்டு பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டிய ஒருத்திக்கு இந்தச் சட்டம் நேரான தடைதான். ஹூஸ்டனில் வசதியாக இருப்பவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது: ஹோல் விமன்ஸ் ஹெல்த் எதிர் ஹெல்லர்ஸ்டெட். 2016 மார்ச் 2-ல் வாதம். எல் பாசோவில் கிளினிக் மூடினால் பெண்கள் பக்கத்திலேயே நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போகலாமே என்று டெக்சாஸ் தரப்பு சொன்னது. நியூ மெக்சிகோவில் இந்த விதிகள் எதுவும் இல்லை. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அங்கேயே பிடித்தார். உங்கள் பெண்களின் பாதுகாப்புக்கு இந்த விதி அவ்வளவு அவசியம் என்றால், விதியே இல்லாத இடத்துக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். மாநிலத்தின் வழக்கறிஞரிடம் அதற்கு நல்ல பதில் இல்லை.

ஜூன் 27-ல் 5-க்கு 3 என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஸ்டீபன் பிரையர் எழுதியதில் கொள்கைப் பேச்சு குறைவு, கணக்கு அதிகம். பிரசவத்தில் தாய் இறக்கும் வாய்ப்பு கருக்கலைப்பில் இறப்பதைவிட 14 மடங்கு அதிகம். ஆனால் டெக்சாஸில் வீட்டிலேயே செவிலித்தாய் பிரசவம் பார்க்கலாம். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் இறப்பு விகிதம் 10 மடங்கு. அதற்கு அறுவை மையம் கட்டாயமில்லை. கொழுப்பு உறிஞ்சும் லைப்போசக்ஷனில் 28 மடங்கு. இந்தச் சட்டத்தால் ஒரு பெண்ணுக்காவது மேலான சிகிச்சை கிடைத்ததற்கு உதாரணம் உண்டா என்று வாதத்தின்போது கேட்டதற்கு, மாநிலத்திடம் ஒன்றுகூட இல்லை என்பதும் தீர்ப்பில் பதிவானது. கோஸ்னெல் விஷயத்துக்கும் அதில் பதில் உண்டு. இருக்கும் விதியை மதிக்காதவன் புது விதி வந்தால் மட்டும் மதிப்பானா, அவனைப் பிடிக்கப் பரிசோதனை வேண்டும், டெக்சாஸில் ஏற்கனவே அது இருந்தது என்று பிரையர் எழுதினார்.

சட்டம் விழுந்தது. மூடிய கிளினிக்குகள் திரும்பி வந்தனவா என்று பார்த்தால் பெரும்பாலானவை வரவில்லை. ஆஸ்டினில் ஒன்று 2017-ல் திறந்தது, இன்னும் சில. மற்றவற்றின் கட்டடக் குத்தகை முடிந்திருந்தது, கருவிகளை விற்றிருந்தார்கள், செவிலியர்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், டாக்டர்கள் ஓய்வுபெற்றிருந்தார்கள். புது உரிமத்துக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். இந்த அரசியலின் மையமே இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. விதி போடும் பக்கம் வழக்கில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. வழக்கு இரண்டு மூன்று வருடம் இழுத்தால் போதும். மாத வாடகையும் சம்பளமும் கொடுத்துக்கொண்டு அவ்வளவு நாள் மூடிய கதவோடு எந்தச் சிறிய கிளினிக்கும் தாக்குப்பிடிக்காது.

கட்சிக் கோடுகள் எப்போதும் நேராக ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் சட்டத்தின் முதல் பகுதியை அப்படியே லூயிசியானாவில் 2014-ல் கொண்டுவந்தவர் கத்ரீனா ஜாக்சன். ஜனநாயகக் கட்சியின் கறுப்பினப் பெண் உறுப்பினர். மனப்பூர்வமாகக் கருக்கலைப்பை எதிர்ப்பவர். அந்தச் சட்டமும் 2020 ஜூனில் 5-க்கு 4 என்று விழுந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2016 தீர்ப்பு தவறு என்று இன்னும் நினைப்பதாகவும், முன் தீர்ப்பு என்பதால் மட்டும் கட்டுப்படுவதாகவும் எழுதினார். அந்த ஓட்டு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று இரண்டே வருடத்தில் தெரிந்துவிட்டது. கருக்கலைப்பு ஒரு உயிரைப் பறிப்பது என்று ஜாக்சன்போல நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர்களோடு நேர்மையாக வாதாட முடியும். வாதத்தை அந்த இடத்தில் வைக்காமல் கதவின் அகலத்தில் வைத்தால் அதற்குப் பதில் சொல்லவே இடமில்லை. பெண்களின் பாதுகாப்பு என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்தியது, உண்மையிலேயே பாதுகாப்பு கேட்கவேண்டிய நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது. கோஸ்னெல் மாதிரி இன்னொருவன் எங்காவது இருந்தால், அவனைப் பற்றிய புகாரையும் இதுவும் அரசியல் என்று தள்ளிவிடத் தோன்றும்.

வர்ஜீனியாவில் ஓட்டுப்பெட்டி பதில் சொன்னது. 2013-ல் கவர்னர் பதவிக்கு நின்ற குச்சினெல்லி டெர்ரி மெக்காலிஃபிடம் தோற்றார். புதுக் கவர்னர் வாரியத்துக்குப் புது ஆட்களைப் போட்டார், விதிகளை மறுபடி பார்க்கச் சொன்னார். 2016 அக்டோபரில் அதே வாரியம் கட்டட விதிகளை நீக்கியது. 2020-ல் சட்டமன்றம் 2011-ன் வகைப்பாட்டையே ரத்து செய்தது. எழுதிய வழியிலேயே அழிக்கவும் முடிந்தது, ஒன்பது வருடம் எடுத்தது. மூடிய ஹில்க்ரெஸ்ட் மூடியதுதான்.

2022 ஜூன் 24-ல் டாப்ஸ் தீர்ப்பு வந்ததும் இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். நேரடித் தடையே போட முடியும்போது நடைவழியை அளப்பானேன்? தடை போட்ட மாநிலங்களில் அது சரிதான். ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தடையை நீக்கிய இடத்தில் பழைய விதிகள் மறுபடி எழுந்து நிற்கின்றன. மிசூரியில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

மிசூரி இந்த முறையில் பழுத்த மாநிலம். டாப்ஸுக்கு முன்பே அங்கே செயின்ட் லூயிஸில் ஒரே ஒரு கிளினிக்தான் மிஞ்சியிருந்தது. 2019-ல் மாநிலச் சுகாதாரத் துறை அதன் உரிமத்தையும் புதுப்பிக்க மறுத்தது. விசாரணையில் துறை இயக்குநர் ராண்டல் வில்லியம்ஸ் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். சிகிச்சை பலிக்காமல் திரும்பி வந்தவர்களைக் கண்டுபிடிக்க, நோயாளிகளின் கடைசி மாதவிடாய்த் தேதி உள்ளிட்ட விவரங்களை வைத்துத் துறையில் ஒரு அட்டவணையே தயாரித்திருந்தார்கள். பாதுகாப்புக்கென்று கொடுத்த அதிகாரம் எந்த மேசை வரை போய் நின்றது பாருங்கள். மாநில நிர்வாக விசாரணை ஆணையர் ஸ்ரீநிவாச ராவ் தண்டமூடி 2020 மே மாதம் கிளினிக்கின் பக்கம் தீர்ப்பளித்தார். அதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாய் மாநிலத்தில் இந்தக் கிளினிக்கை நடத்திய அமைப்பே ஒரு பெரிய கிளினிக்கைக் கட்டித் திறந்துவிட்டது. மிசூரிப் பெண்களில் பெரும்பாலோர் அங்கேதான் போனார்கள்.

2024 நவம்பரில் மிசூரி மக்கள் 51.6 சதவீத ஓட்டில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். டிசம்பரில் நீதிபதி ஜெரி ஜாங் தடைச் சட்டத்தையும் 72 மணி நேரக் காத்திருப்பு விதியையும் நிறுத்திவைத்தார். ஆனால் உரிம விதிகளை அப்போதைக்கு விட்டுவிட்டார். கதவு அளவும் நடைவழி அளவும் சரியாக இல்லாத கிளினிக்குக்கு உரிமம் கிடையாது. அரசியல் சட்டத்தில் உரிமை இருந்தது, மாநிலத்தில் திறந்த கிளினிக் ஒன்றுகூட இல்லை. 2025 பிப்ரவரியில் ஜாங் உரிம விதிகளையும் நிறுத்தினார். தானாக நேரும் கருச்சிதைவுக்குத் தரும் அதே சிகிச்சைக்கு இந்த விதிகள் இல்லை, கருக்கலைப்புக்கு மட்டும் உண்டு, இது பாரபட்சம் என்பது அவர் சொன்ன காரணம். கான்சஸ் சிட்டியில் சிகிச்சை தொடங்கியது. மே 27-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஜாங் தவறான அளவுகோலை வைத்துவிட்டார் என்று உத்தரவை நீக்கச் சொன்னது. அன்றைக்கே கிளினிக்குகள் முன்பதிவு செய்த பெண்களுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஜூலை 3-ல் ஜாங் மறுபடி விதிகளை நிறுத்தினார், மறுபடி திறந்தது. இத்தனைக்கும் நடுவில் மாத்திரைமூலம் செய்யும் கருக்கலைப்பு மட்டும் தொடங்கவே இல்லை. சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற திட்டத்தைக் கிளினிக் எழுதித் தர வேண்டும், அதை மாநிலம் ஏற்க வேண்டும்; மாநிலம் ஏற்கவில்லை.

இதற்கிடையே 2025 மே மாதம் மிசூரிச் சட்டமன்றம் இன்னொரு அரசியல் சட்டத் திருத்தத்தை 2026 நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்ப முடிவு செய்தது. 2024-ல் மக்கள் எழுதியதை நீக்கி, சில விதிவிலக்குகளோடு தடையைத் திருப்பிக் கொண்டுவரும் திருத்தம் அது. அந்த விதிவிலக்குகளில் ஒன்றின்கீழ் ஒரு பெண் சிகிச்சைக்கு வந்தால்கூட, எந்தக் கட்டடத்தில், எந்த டாக்டரிடம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு வேண்டும் என்பதைச் சட்டமன்றம் மறக்கவில்லை. தாயின் உடல்நலத்துக்காகக் கிளினிக்குகளையும் டாக்டர்களையும் ஒழுங்குபடுத்தும் உரிமையை அதே திருத்தத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.